42 சென்ட் நிலம்: ஒருவர் அளந்தால் 39, இன்னொருவர் அளந்தால் 41.5. எந்த சர்வேயரை நம்புவது?

ஊமச்சிகுளத்தான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நத்தம் ரோட்டில் ஊமச்சிகுளம் தாண்டி இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் புஞ்சை வரும். அப்பா பெயரில் தனிப்பட்டா, 0.17.0 ஹெக்டேர், அதாவது 42 சென்ட். நீளவாக்கில் வடக்கு தெற்காக 68 மீட்டர், அகலம் 25 மீட்டர். வடக்கே வண்டிப்பாதை, தெற்கே வாய்க்கால், கிழக்கே பெரியப்பா மகன் நிலம். பிரச்சினை மேற்கில்தான்.

2023-ல் தல்லாகுளத்திலிருந்து அந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள் இல்லையா, அதற்கப்புறம் எங்கள் பக்கம் பார்க்கிற இடமெல்லாம் மனை. மேற்கே இருந்தவர் மூன்று ஏக்கரையும் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் ஜேசிபி விட்டு ஒரே வாரத்தில் மட்டப்படுத்தி, சிவப்பு பெயிண்ட் அடித்த கல் நட்டு, எங்கள் எல்லையில் முள்கம்பியும் கட்டிவிட்டார்கள். அங்கே எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு வரப்பும் நாலைந்து கருவேல மரமும் இருந்தன. இப்போது மரமும் இல்லை, வரப்பு பாதிக்கு மேல் இல்லை. நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 74 வயது. கம்பி கட்டிய அன்று "ஏன்ப்பா இவ்வளவு உள்ள வர்றீங்க" என்று கேட்டிருக்கிறார். "கம்ப்யூட்டர்ல அளந்தது பெரியவரே, ஒரு இஞ்ச் தப்பாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தங்கச்சிக்குப் பாதி எழுதி வைக்க வேண்டும் என்பதால் இப்போது அளந்தே ஆகவேண்டும். முதலில் டிஜிபிஎஸ், அதாவது செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்து அளக்கும் கருவியோடு ஒருவர் வந்தார். அரை மணி நேரத்தில் சுற்றி வந்து 39 சென்ட் என்றார். மனசு கேட்காமல் டேப் வைத்து அளக்கும் வயசான ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் 41.5 என்றார். இரண்டு பேருக்கும் காசு கொடுத்தாயிற்று. இரண்டரை சென்ட் வித்தியாசம் எப்படி வரும்? இதில் யார் சரி? மூன்றாவதாக ஒருவரைக் கூப்பிடுவதென்றால் எப்படிப்பட்டவரைக் கூப்பிட வேண்டும்?

மேலூர் மாப்ள:

அண்ணே, மூணாவது ஆளைக் கூப்பிட்டா 40.25 வரும். மூணையும் கூட்டி மூணால வகுத்துருங்க.

சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. எங்க ஊர்ல சித்திரை வெயில்ல அளக்கக்கூடாது, அளக்கிற இரும்புச் சங்கிலி நீண்டுரும்னு சொல்லுவாங்க. நீங்க எந்த மாசம் அளந்தீங்க? எது எப்படியோ, அரசாங்க சர்வேயர் வந்து அளந்தால்தான் பக்கத்து ஆள் வாயைத் திறக்கமாட்டான். பிரைவேட் ஆள் அளந்து கொடுத்த பேப்பரை அவன் மதிக்கவேமாட்டான்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:

தம்பி, நான் 1982-ல் துறையில் சேர்ந்தவன். யூ.டி.ஆர், அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்து எழுதிய திட்டம் நடந்துகொண்டிருந்த காலம், 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்தது. அப்போது மேலூர், வாடிப்பட்டி பக்கமெல்லாம் சங்கிலியும் செங்குத்துக் கோடு பிடிக்கிற கிராஸ் ஸ்டாஃபும் சுமந்துகொண்டு வரப்பு வரப்பாக நடந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களுக்கு வந்த இரண்டு பேரும் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள். நீங்கள் அவர்களிடம் கேட்ட கேள்விதான் தப்பு.

முதல் ஆள் கம்பியை ஒட்டி நடந்திருப்பார். கம்பிக்குள் இருப்பது 39. இரண்டாவது ஆள் வந்தபோது அப்பா பக்கத்தில் நின்று, "இந்தா இங்க இருந்துச்சு வரப்பு" என்று கையைக் காட்டியிருப்பார். அப்பா கை காட்டிய இடத்துக்குள் இருப்பது 41.5. இருக்கிற நிலத்தை அளந்து கொடுங்கள் என்றால் யாரும் அளந்து கொடுப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது எத்தனை சென்ட் என்பதை அல்ல. மூலை எங்கே என்று கேட்க வேண்டும். மூலை தெரிந்துவிட்டால் சென்ட்டை பத்தாம் வகுப்புப் பையனே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவான்.

மூலையைச் சொல்வது புலப்படம், எஃப்.எம்.பி என்கிறோமே அது. அரசு இணையதளத்தில் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு போட்டால் இலவசமாகவே கிடைக்கும். எடுத்துப் பாருங்கள். நடுவில் புள்ளிப் புள்ளியாகக் கோடு போகும். அது ஜி லைன். ஒரு கல்லிலிருந்து எதிர் மூலைக் கல் வரைக்கும் இழுத்த கோடு. அந்தக் கோட்டில் இத்தனை மீட்டர் போய், அங்கிருந்து செங்குத்தாக இத்தனை மீட்டர் விலகினால் உங்கள் வரப்பின் வளைவு வரும். விலகும் அந்த அளவுக்கு ஆஃப்செட் என்று பெயர். நிலம் முழுக்க இப்படித்தான் படத்தில் ஏறியிருக்கிறது. ஆக, அந்தக் கோட்டின் இரண்டு முனையிலும் உள்ள கல் இருந்தால் நிலத்தைத் திரும்பப் பிடித்துவிடலாம். கல் இல்லாமல் எவ்வளவு விலையுள்ள கருவி வைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை.

இன்னொன்று, உங்கள் 42 சென்ட் ஒரு உட்பிரிவு, அதாவது தாய்ப் புலம் என்கிற பெரிய சர்வே எண்ணில் ஒரு பகுதி. அதற்கென்று தனியாகக் கல் நட்டிருக்க மாட்டார்கள், நட்டிருந்தாலும் நிற்காது. தாய்ப் புலம் நாலைந்து ஏக்கர் இருக்கும். அதன் மூலைகளில்தான் சர்வே கல் இருக்கும், அம்புக்குறி வெட்டியிருக்கும். ஆகையால் உங்கள் நிலத்துக்குள்ளேயே நின்று கல்லைத் தேடாதீர்கள். நாலு வயல் தள்ளி, வண்டிப்பாதை ஓரம், கண்மாய்க் கரை என்று போய்த் தேடுங்கள். கிராமத்தில் மூன்று புலம் சேருகிற இடத்துக் கல்தான் எங்களுக்குச் சொத்து மாதிரி. இரண்டு கல் கிடைத்ததும் உடனே அளக்க ஆரம்பித்துவிடக் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து புலப்படத்தில் உள்ளதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒத்துவந்தால் மூன்றாவது கல்லைத் தேடி அதையும் சரிபார்க்க வேண்டும். மூன்றும் ஒத்துவந்தால் அப்புறம் நிம்மதியாக வேலையைத் தொடங்கலாம். ஒரே கல்லை வைத்துக்கொண்டு திசையைக் கண்ணால் பிடிக்கிறவரை அன்றைக்கே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மேலூர் பக்கம் ஒரு ஊரில் அண்ணன் தம்பி தகராறு. நான்கு மூலைக் கல்லில் ஒன்றைக் காணோம், ஒன்று உழவு மாட்டில் பட்டுச் சாய்ந்து கிடக்கிறது, ஒன்று தம்பி வீட்டுக் கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லாக இருக்கிறது. அம்புக்குறி மேல்பக்கம், சோப்பு நுரையோடு. நாலாவது கல்லுக்குப் போனால் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வரளி மாலை போட்டு வைத்திருக்கிறார்கள். எப்போதிருந்து சாமி என்று யாருக்கும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சங்கிலியைப் பிடித்தோம். அந்தப் புலத்தில் ஓர் அங்குலம்கூட நகராத கல் அதுதான், சாமி என்பதால் ஒருவரும் கை வைக்கவில்லை. அதையும் பக்கத்துப் புலத்துக் கல் ஒன்றையும் பிடித்துத்தான் அன்றைக்கு மூலையைக் கண்டுபிடித்தோம்.

சர்வே கல்லைப் பிடுங்குவது சாதாரண விஷயமில்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் 434-ஆவது பிரிவே அரசு நட்ட எல்லைக் கல்லை நகர்த்துவதற்காகத்தான் இருந்தது. ஓர் ஆண்டு வரை சிறை. ஜேசிபிக்காரருக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்தாலும் கவலைப்பட மாட்டார்.

அடுத்து, கணக்கைப் பாருங்கள். பட்டாவில் 42, கம்பிக்குள் 39. மூன்று சென்ட் என்றால் சுமார் 121 சதுர மீட்டர். மேற்கு எல்லை 68 மீட்டர் முழுக்க ஒரே சீராக உள்ளே வந்திருந்தால் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் மனை போடுகிறவர்கள் ஒரே சீராக உள்ளே வருவது அபூர்வம். ஒரு முனையில் சரியாகவும் மறு முனையில் ஆப்பு மாதிரி விரிந்தும் வருவார்கள். அப்படியென்றால் ஒரு மூலையில் பன்னிரண்டு அடி. அதுவும் வேண்டுமென்றே செய்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுடைய ஆள் ரோட்டு ஓரத்தையே புலத்து எல்லை என்று நினைத்துத் தொடங்கியிருக்கலாம். வண்டிப்பாதை தார் ரோடாகும்போது பழைய ஓரத்திலேயே இருக்காது.

பட்டாவில் போட்ட 42-ஐயும் சுவாமி வாக்கு மாதிரி பிடித்துத் தொங்காதீர்கள். அந்தக் காலத்தில் அரை ஏர், ஒரு ஏர் என்று உருட்டி எழுதியதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஒரு ஏர் நூறு சதுர மீட்டர், அரை ஏர் என்றால் ஒன்றேகால் சென்ட்டுக்கு ஒரு மயிரிழை குறைவு. லிங்க் கணக்கில் இருந்த பழைய படத்தை மீட்டருக்கு மாற்றும்போதும் தப்பு புகுந்திருக்கிறது. ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க், ஆக ஒரு லிங்க் எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. யாராவது லிங்க்கை அடியாக நினைத்து மனையை விற்றிருந்தால் கேட்கவே வேண்டாம். யூ.டி.ஆரில் நாங்கள் செய்த தப்பும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அது படத்திலேயே தப்பு என்றால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுக் கொடுத்துத் திருத்த வேண்டும். அது வேறு கதை.

மேலூர் மாப்ளக்கு: இரும்புச் சங்கிலி வெயிலில் நீளும், ஆனால் 30 மீட்டருக்கு அரை சென்டிமீட்டர்தான். கடையில் விற்கிற துணி டேப், ஃபைபர் டேப் இருக்கிறதே, இரண்டு பேர் இழுத்துப் பிடித்தால் அது அதைவிட அதிகம் நீளும்.

நாகமலை அக்கா:

பெரியவர் சொன்னதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்துவிட்டது, பத்து வருஷத்துக்கு முன்னாடி யாராவது இதைச் சொல்லியிருக்கக்கூடாதா!

நாங்கள் நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் 30-க்கு 40 மனை வாங்கினோம். நட்டு வைத்த கல்லைப் பார்த்தோம், நாலு கல்லும் நேராக இருந்தது, சந்தோஷமாகப் பத்திரம் போட்டோம். கட்டடம் ஆரம்பிக்கும்போது "லைசன்ஸ் சர்வேயர்" என்று போர்டு வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டோம். அவரும் அதே நாலு கல்லுக்கு நடுவில் டேப் பிடித்து "சரியா இருக்கும்மா" என்றார். காம்பவுண்டு எழும்பி, பூச்சும் முடிந்தபிறகு பக்கத்து மனைக்காரர் துபாயிலிருந்து வந்தார். அவர் அளந்து பார்த்து, எங்கள் சுவர் ஒன்றரை அடி அவர் இடத்தில் என்றார். அப்புறம் தாலுகா ஆபீசிலிருந்து வந்து அளந்தார்கள். அவர் சொன்னது உண்மை. எங்கள் வரிசை மொத்தமும் ஒன்றரை அடி கிழக்கே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. சுவரை இடித்துக் கட்டிய செலவைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு நாள் சாப்பிடமாட்டார்.

அந்த "லைசன்ஸ் சர்வேயர்" யார் என்று அப்புறம்தான் தெரிந்தது. வீட்டுக்கு வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருவதற்குத்தான் அவருக்கு உரிமம். அதுவும் முறையான உரிமம்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. நிலம் அளக்கிற உரிமம் வேறு, கட்டட வரைபடம் போடுகிற உரிமம் வேறு என்பது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. போர்டில் சர்வேயர் என்று இருந்தால் போதாது, எதற்கு உரிமம், யார் கொடுத்தது, இன்னும் செல்லுபடியாகுமா என்று அட்டையை வாங்கிப் பாருங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். கத்திரிக்காய் வாங்கும்போதே நாலு தடவை புரட்டிப் பார்க்கிறோம்.

தம்பி, தங்கச்சிக்கு எழுதப் போகிறீர்கள் என்றால் பத்திரத்துக்கு முன்னாடியே கல்லு நட்டுவிடுங்கள். அண்ணன் தங்கச்சிக்குள் சண்டை வருவதே இந்த மாதிரி அரை சென்ட்டில்தான்.

ரோவர் தம்பி:

நான் தனியாக நில அளவை செய்கிறேன், நில அளவர் உரிமம் இருக்கிறது. டிஜிபிஎஸ் ரோவர்தான், அதாவது கையில் பிடித்து நடக்கிற டிஜிபிஎஸ் கருவிதான் பயன்படுத்துகிறேன். இங்கே கருவியைத் திட்டுவது மாதிரி இருக்கிறது, அதனால் இரண்டு வார்த்தை.

ரோவரில் சிக்னல் நன்றாகப் பிடித்து நின்றால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். அதில் சந்தேகமே வேண்டாம். செல்போன் ஆப்பில் நடந்து பார்த்துவிட்டு "ஜிபிஎஸ்ல அளந்தேன்" என்கிறார்களே, அது மீட்டர் கணக்கில் தள்ளாடும், அதை நம்பி வேலி போடாதீர்கள். ஆனால் ரோவர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறேனோ அந்த இடத்தைத்தான் சொல்லும். கம்பியோரம் வைத்தால் கம்பியைச் சொல்லும். "கம்ப்யூட்டர்ல அளந்தது, ஒரு இஞ்ச் தப்பாது" என்று உங்கள் அப்பாவிடம் சொன்னது அரைகுறை உண்மை. தப்பான இடத்தை ஓர் இஞ்ச் தப்பாமல் அளந்திருக்கிறார்கள்.

நாங்கள் பார்க்கிற கிராமத்துப் புலப்படங்களில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. கல்லுக்குக் கல் தூரம் மட்டும்தான். ஆகவே நாங்களும் பெரியவர் சொன்ன மாதிரி இரண்டு மூன்று கல்லைக் கண்டுபிடித்து, அதன் மேல் ரோவரை வைத்து, படத்தை அதற்குமேல் பொருத்துகிறோம். அப்புறம் ரோவரைப் பிடித்துக்கொண்டு மூலைக்கு நடந்தால் "இங்கே" என்று காட்டும். சங்கிலியில் இரண்டு நாள் ஆகிற வேலை அரை நாளில் முடியும். நல்ல ஆளா என்று தெரிய வேண்டுமானால் ஒரே ஒரு கேள்வி போதும்: "எந்தக் கல்லிலிருந்து ஆரம்பிப்பீங்க?" முழிக்கிறவர் வேண்டாம். "முதல்ல எஃப்.எம்.பி அனுப்புங்க, பக்கத்து நம்பரோடதும் சேர்த்து" என்று திருப்பிக் கேட்கிறவரைக் கூப்பிடுங்கள்.

என் தொழிலுக்கு எதிராக ஒன்றும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பக்கத்து ஆளோடு ஏற்கெனவே தகராறு இருக்கிறது. இந்த நிலைமையில் நான் அளந்து கொடுத்தால் அது உங்களுக்குத் தெரிந்துகொள்ளத்தான் உதவும். அவரைக் கட்டுப்படுத்தாது. அரசு நில அளவர் வந்தால் அக்கம்பக்கத்தாருக்கு முன்னாலேயே நோட்டீஸ் போகும், எல்லோர் முன்னிலையிலும் அளப்பார், அளந்தது பதிவேட்டில் ஏறும். தமிழ் நிலம் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ எல்லை அளந்து காட்டச் சொல்லி விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டினால் போதும், தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டியதில்லை. பிடிக்கவில்லையென்றால் மேல் அதிகாரியிடம் மறு அளவை கேட்கலாம். அவர்கள் அதையும் கேட்கவில்லையென்றால் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கிற கோர்ட் கமிஷனரை நியமிக்கச் சொல்லலாம், அவரோடு சர்வேயர் வந்து அளப்பார். அதுவரை போகாது என்று நினைக்கிறேன். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆறப்போடாதீர்கள். உங்களுக்கு எதிராக ஒருவர் 12 வருஷம் தன் இடம் என்று அனுபவித்துவிட்டால் வழக்கே வேறு மாதிரி திரும்பும்.

நான் போவதாக இருந்தால் அரசு நில அளவர் வருவதற்கு முன்னால் போய்க் கல்லைக் கண்டுபிடித்து வைத்துவிட்டு வருவேன். அவருக்கு ஒரே நாளில் எத்தனையோ இடம். கல் தேடவே பாதி நாள் போனால் அளப்பதற்கு எங்கே நேரம்?

ஊமச்சிகுளத்தான்:

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் எழுதியதை பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "சாமிக் கல்லு நம்ம புலத்துலயும் ஒண்ணு இருக்குடா, ஆனா அது சாமியில்ல, உங்க தாத்தா ஆடு கட்டுன கல்லு" என்றார். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன்! இ-சேவை மையத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

மேலூர் மாப்ள:

அண்ணே, ஆடு கட்டுன கல்லுக்கு மொதல்ல ஒரு மாலை வாங்கிப் போடுங்க.

ஊமச்சிகுளத்தான் (இரண்டு மாதம் கழித்து):

நேற்று அளந்தார்கள். காலையில் ஏழு மணிக்கே அப்பா மண்வெட்டியோடு போய் நின்றுவிட்டார். நான் முந்தின ஞாயிற்றுக்கிழமையே பெரியப்பா மகனைக் கூட்டிக்கொண்டு போய்த் தேடி வைத்திருந்தேன். தாத்தா ஆடு கட்டிய கல் தாய்ப் புலத்தின் வடகிழக்கு மூலை. மண்ணைத் தோண்டினால் இரண்டு அடி ஆழத்தில் அம்புக்குறி பளிச்சென்று இருந்தது, மேலே தெரிந்த பாகம்தான் கயிறு உரசித் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. இரண்டாவது கல் கண்மாய்க் கரையில் நெருஞ்சிக்குள். மூன்றாவது, சொன்னால் சிரிப்பீர்கள், மேற்கே மனை போட்டவர்கள் வைத்திருக்கும் பெரிய ஆர்ச்சுக்குப் பின்னால், அவர்கள் கண்ணிலேயே படாமல் குப்பைக்குள் கிடந்தது. சாயவில்லை, நட்டுக்க நின்றது. மூன்றுக்கும் நடுவே உள்ள தூரம் படத்தோடு பத்து சென்டிமீட்டருக்குள் ஒத்துவந்தது.

நோட்டீஸ் போனதால் மனைக்காரர்கள் தரப்பிலிருந்தும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் வந்ததும் வராததுமாக "எங்க சர்வேயர் ஏற்கெனவே அளந்துட்டார் சார்" என்றார். அரசு நில அளவர் நிமிர்ந்து பார்க்காமல், "எந்தக் கல்லுலயிருந்து அளந்தார்?" என்றார். எனக்குப் பெரியவரும் ரோவர் தம்பியும் அங்கேயே நிற்கிற மாதிரி இருந்தது. அவர்கள் ரோட்டு ஓரத்தைப் பிடித்துத்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

மேற்கு எல்லை வடக்கு மூலையில் கம்பியோடு கச்சிதமாகப் பொருந்தியது. தெற்கே போகப் போக விரிந்து, தென்மேற்கு மூலை கம்பிக்கு 4 மீட்டர் அந்தப் பக்கம் இருக்கிறது. பதின்மூன்று அடி. பெரியவர் பன்னிரண்டு அடி என்று இங்கே உட்கார்ந்தே எழுதியிருந்தார்! அந்த மூலையில் அவர்கள் ஒரு மனையை விற்றே விட்டார்கள், நல்லவேளையாக வாங்கியவர் இன்னும் வானம் தோண்டவில்லை. கம்பியை மாற்றித் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கம்பி நகர்ந்தால்தான் நம்புவேன்.

அப்புறம் எங்களுக்கும் ஒரு கொட்டு விழுந்தது. தெற்கே எங்கள் வரப்பு வாய்க்கால் புறம்போக்குக்குள் 60 சென்டிமீட்டர் போயிருக்கிறது. கொஞ்சங்கொஞ்சமாகப் போயிருக்க வேண்டும். கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. "இதையும் சேர்த்துத்தான் உங்களுக்கு 39 வந்திருக்கு" என்றார் நில அளவர். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. இன்னொன்று, கருவேல மரத்தோடு இருந்த அந்தப் பழைய வரப்பே தெற்கு முனையில் ஒரு மீட்டர் எங்கள் பக்கமாகத்தான் இருந்திருக்கிறது. அப்பா கை காட்டி அளந்ததில் 41.5 வந்தது அதனால்தான். அந்த ஒரு மீட்டரில் இத்தனை வருஷமும் பக்கத்து ஆள்தான் உழுதிருக்கிறார், எங்கள் ஆளுக்குத் தெரியவில்லை. "அவன் நல்ல மனுசன்டா, போனாப் போகட்டும்" என்கிறார் இப்போது. இந்தப் புது ஆட்களிடம் இரண்டு மாதமாகக் கொதித்துக்கொண்டிருந்தவர்!

நேற்று சாயங்காலமே நான்கு மூலையிலும் குழி எடுத்து, கொத்தனாரை வைத்துக் கல் நட்டாயிற்று. செல்போனில் நாலு பக்கமிருந்தும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்தது தங்கச்சிக்கு 21 சென்ட் உட்பிரிவு. வடக்கு தெற்காகப் பிரித்தால் அவளுக்கு 12.5 மீட்டர் அகலத்தில் நீளமான ரிப்பன் மாதிரி வரும், கிழக்கு மேற்காக வெட்டினால் ஒருவருக்கு வண்டிப்பாதை கிடைக்காது. பெரியவரே, இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஓய்வுபெற்ற சர்வேயர்:

கிழக்கு மேற்காகவே வெட்டுங்கள். தங்கச்சிக்கு வடக்குப் பாதி, ரோட்டு முகம். உங்களுக்குத் தெற்கே போக கிழக்கு ஓரத்தில் 12 அடிப் பாதையை அவள் பங்கிலேயே விட்டு, பத்திரத்தில் மீட்டரில் எழுதி, புலப்படத்திலும் ஏற்றிவிடுங்கள். பாதைக்குப் போகிற இடத்தைக் கணக்குப் பண்ணி வெட்டுக்கோட்டை அதற்குத் தகுந்த மாதிரி தெற்கே தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் அவளுக்குக் குறையும். கல் நட்டபிறகு அப்பா அந்தப் பழைய கல்லில் திரும்பவும் ஆட்டைக் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.